காரை ஓட்டத்தான் வாங்குகிறார்கள் என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வெளிவரும் வாகன விளம்பரங்களை முப்பது ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். வாகனம் வாங்குவதற்காக அல்ல. நம் சமூகத்தை அறிந்துகொள்வதற்காக. மண விளம்பரங்களுக்கு அடுத்தபடியாக, ஒரு சமூகத்தின் ஆசைகளையும் அச்சங்களையும் இத்தனை வெளிப்படையாகச் சொல்லும் பகுதி பத்திரிகையில் வேறில்லை. "பெண் வைத்தியர் பாவித்தது", "ஒரே உரிமையாளர்", "மிகக் குறைந்த மைலேஜ்", "மழையில் இறக்காதது". இந்தக் கடைசித் தகுதியைச் சற்றுக் கவனியுங்கள். வரனிடமும் வாகனத்திடமும் நாம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: உலகம் தொட்டிருக்கக் கூடாது!

குடும்ப வான் ஒன்றுக்கு இப்படி விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இப்போது அதே வாசகங்கள் எந்த வகைக் கார்களுக்கு எழுதப்படுகின்றன என்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சினம் எழுகிறது. ஓட்டுவதற்கென்றே, ஓட்டும் இன்பத்துக்கென்றே பிறந்த கார்கள் அவை. ஆங்கிலேயர் 'ஹொட் ஹச்' என்று செல்லமாக அழைக்கும் வகை: சாதாரணச் சிறு குடும்பக் காரின் உடல், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு, ஆனால் உள்ளே வலுவான இயந்திரமும் இறுக்கமான சஸ்பென்ஷனும். 1961இல் வந்த மினி கூப்பர் இந்தக் குலத்தின் பாட்டனார். அந்தச் சின்னஞ்சிறு கார் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ராலியில் பெரிய கார்களைப் பின்தள்ளி வென்றது. 1976இல் விற்பனைக்கு வந்த வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.ரி.ஐ. குலத்துக்குப் பெயரும் புகழும் தந்தது. இன்று ஜப்பானிய வாரிசுகளாக சுசுகி சுவிப்ற் ஸ்போர்ட்டும் டொயோட்டா ஜி.ஆர். யாரிஸும் இருக்கின்றன. இந்தக் கார்களைத்தான் நம்மவர்கள் வாங்கி, போர்வை போர்த்தி, கராஜுக்குள் நிறுத்தி, வங்கி நிலையான வைப்பின் வட்டியைக் கணக்கிடுவதுபோல விலை உயர்வைக் கணக்கிட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

புல்மோட்டையில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் இருக்கிறார். ஒன்பது ஆண்டுகள் கட்டாரில் உழைத்தவர். வீடு கட்டினார், தங்கைக்குக் கலியாணம் செய்து வைத்தார், கடைசியாகத் தனக்கென்று ஒன்றை வாங்கினார்: வெள்ளை நிற சுவிப்ற் ஸ்போர்ட். 1371 கனசென்ரிமீற்றர் டர்போ இயந்திரம், 140 குதிரை வலு, கையால் மாற்றும் ஆறு கியர், எடை வெறும் 970 கிலோ. கார் வந்து ஏழு மாதங்களின் பின் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மானியில் 412 கிலோமீற்றர். ஆசனங்களில் பொலித்தீன் உறை அப்படியே. உள்ளே ஏறியதும் புதுக்காரின் வாசனை அல்ல, வெயிலில் வெந்த பிளாஸ்ரிக்கின் நெடிதான் வந்தது.

"ஏன் தம்பி ஓட்டவில்லை?" என்று கேட்டேன்.

"ஓடினா வில இறங்கிரும் சேர். சுசுகிக்காரன் இந்த மொடலை நிப்பாட்டுறானாம். கொஞ்ச நாள் வெச்சிருந்து பாப்பம் எண்டு வாப்பாவும் சொல்றாங்க."

தந்தையின் கணக்கு தவறானதல்ல என்பதுதான் இதில் மிகப் பெரிய துயரம். 2025 நவம்பருடன் அந்த மாதிரியின் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக சுசுகி அறிவித்திருந்தது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, நமது அரசு கடந்த சில ஆண்டுகளில் நமக்குக் கற்பித்த பாடம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாய் சரிந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. ஓடித் தேய்ந்த பழைய கார்கள் வாங்கிய விலையைப் போல இரு மடங்குக்கும் அதிகமாக விற்கப்பட்டன. வங்கியில் போட்ட பணம் கரைந்தது. வாசலில் நிறுத்திய கார் வளர்ந்தது. இதைக் கண்ணால் கண்ட தகப்பனிடம் போய் "கார் என்பது தேய்மானப் பொருள்" என்று பொருளியல் பாடம் நடத்த எனக்குத் துணிவில்லை.

ஐந்தாண்டு கழித்து, 2025 பெப்ரவரியில், தனியார் கார்களுக்குக் கதவு திறந்தார்கள். திறந்த கதவுக்குப் பின்னால் ஓர் ஏணியையும் நிறுத்தி வைத்தார்கள். 20 வீதச் சுங்க வரி. அந்த வரிக்கு மேல் 50 வீத மேலதிக வரி. பெற்றோல் இயந்திரத்தின் ஒவ்வொரு கனசென்ரிமீற்றருக்கும் உற்பத்தித் தீர்வை. குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி. இவையெல்லாம் சேர்ந்த தொகையின் தலையில் 18 வீத பெறுமதி சேர் வரி. வரிக்கு வரி! உற்பத்தித் தீர்வையின் படிகள் 1000, 1300, 1500, 1600 என்று இயந்திரக் கொள்ளளவோடு ஏறுகின்றன. ஜி.ஆர். யாரிஸின் மூன்று சிலிண்டர் இயந்திரம் 1618 கனசென்ரிமீற்றர். பதினெட்டே பதினெட்டு கூடிப்போனதற்காக அடுத்த படிக்குத் தூக்கி எறியப்படுகிறது. அந்தப் பதினெட்டில் நாட்டின் அந்நியச் செலாவணிக்கு என்ன நட்டம் என்று எந்த அமைச்சரும் சொன்னதாக நான் படிக்கவில்லை.

அரசுக்குப் பணம் வேண்டாமா, டொலர் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். 2022இல் வாகன அட்டையின் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி, வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற எவரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் கொள்ளளவை வைத்து வரி விதிப்பது டர்போ இல்லாத காலத்துச் சிந்தனை. அது ஆடம்பரத்தையும் அளப்பதில்லை, புகையையும் அளப்பதில்லை. விளைவு என்ன? ஆயிரம் கனசென்ரிமீற்றருக்குள் அடங்கும் கார்களின் மீது எல்லோரும் விழுகிறார்கள். வியாபாரிகள் சாதாரணக் காரில் 'ஸ்போர்ட்' என்று ஒட்டுப்படம் ஒட்டி, பின்னால் ஒரு சிறகையும் பொருத்தி விலையை ஏற்றுகிறார்கள். உண்மையான ஸ்போர்ட்ஸ் காரோ நகைப்பெட்டிக்குள் போய்விடுகிறது.

நிற்க. பணக் கணக்கைத் தள்ளி வைத்து, இயந்திரத்தின் கணக்குக்கு வருவோம். ஏனென்றால் அந்த 412 கிலோமீற்றரில் என் இளைய நண்பர் தனது காரைக் காப்பாற்றிக் கொண்டிருக்கவில்லை. மெல்ல மெல்லக் கெடுத்துக் கொண்டிருக்கிறார்.

புதிய இயந்திரத்தின் சிலிண்டர் உட்சுவரைக் கண்ணாடிபோல வழவழப்பாக்கி அனுப்புவதில்லை. குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே விடுகிறார்கள், ஒயில் தங்குவதற்காக. பிஸ்டன் வளையங்கள் எரிவாயுவின் அழுத்தத்தால் அந்தச் சுவரோடு உராய்ந்து தம் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். அதற்குச் சுமை வேண்டும். ஆனால் அளவோடு வேண்டும். சுமையே கொடுக்காமல் பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவது போல ஓட்டினால் வளையங்கள் சரியாகப் பதியாமல் சுவர் மினுங்கிப் போகும். பிறகு ஆயுள் முழுக்க ஒயில் குடிக்கும். முதல் நாளிலேயே சிவப்புக் கோடுவரை விரட்டினாலோ பழகாத உலோகம் சூடேறிக் கீறிக்கொள்ளும். புதிய காளையை வண்டியில் பழக்குகிறவனுக்கு இது சொல்லாமலே விளங்கும். முதலில் வெறும் வண்டி, பிறகு அரைப் பாரம், பிறகு முழுப் பாரம். தொழுவத்தில் கட்டி வைத்துக் கொழுக்க விட்டுப் பழக்கிய காளையை நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த விடயத்தில் நம்மிடம் இரண்டு மடங்கள் இருக்கின்றன. ஒன்று பழைய மடம்: "முதல் ஆயிரம் மைலுக்கு நாற்பதைத் தாண்டாதே." என்னுடைய மொரிஸ் மைனர் காலத்து உபதேசம் இது. அந்தக் கால உலோகத்துக்கும் ஒயிலுக்கும் பொருந்தியிருக்கலாம். மற்றது யூடியூப் மடம்: "இப்போதைய இயந்திரங்களுக்குப் பழக்குதல் தேவையில்லை, வாங்கிய அன்றே மிதி!" இரு மடத்தாரும் காரோடு வரும் கையேட்டைத் திறந்து பார்த்தவர்களல்லர். டொயோட்டாவின் கையேடு சொல்கிறது: முதல் 300 கிலோமீற்றருக்குத் திடீர்ப் பிரேக் வேண்டாம், முதல் 1000 கிலோமீற்றருக்கு மிகை வேகம் வேண்டாம், திடீர் வேகமெடுப்பு வேண்டாம், நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓடவும் வேண்டாம். வொக்ஸ்வாகனின் கையேடு, முதல் 1000 கிலோமீற்றருக்கு அக்சிலேற்றரை முழுதாக மிதிக்காதே, இயந்திரத்தின் உச்சச் சுழற்சியில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதே, அதன் பிறகு 1500 வரை படிப்படியாகக் கூட்டு என்கிறது. "ஒரே வேகத்தில் ஓடாதே" என்பதைக் கவனியுங்கள். நாற்பதிலேயே ஊர்ந்த பழைய மடத்துக்கும் அடி, இரண்டாம் மடத்துக்கும் அடி.

கையேட்டைத் திறக்காததற்கு வாங்கியவரை மட்டும் நோவது நியாயமுமல்ல. நேரடியாக ஜப்பானில் இருந்து தருவிக்கப்படும் கார்களில் வருவது ஜப்பானிய மொழிக் கையேடு. தமிழில் இல்லை, சிங்களத்தில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. கோடிக்கு மேல் விலை சொல்லும் விற்பனையாளர் நான்கு பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தமிழில் அச்சடித்துத் தரக் கூடாதா? ஒரு குமிழ் மின்விளக்குப் பெட்டியில்கூட மும்மொழியில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறோம்!

இதற்குமேல் நிறுத்தி வைப்பதன் கேடு வேறு. வாரத்துக்கு ஒருமுறை கிளப்பி, பத்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது இயந்திரத்துக்குச் செய்யும் மரியாதை என்று பலர் நம்புகிறார்கள். டர்போவும் நேரடி எரிபொருள் உட்செலுத்தலும் உள்ள இயந்திரத்துக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு. குளிர்ந்த இயந்திரத்தில் எரியாத பெற்றோல் ஒயிலோடு கலக்கும், ஈரமும் சேரும், இரண்டையும் விரட்டும் அளவுக்கு ஒயில் சூடாவதேயில்லை. பற்றறி இறங்கும். ஒரே இடத்தில் நின்ற ரயர் தட்டையாகும். கடற்கரைக் காற்றில் பிரேக் தட்டுத் துருவேறும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் புல்மோட்டையில் ஒரு கத்தரிக்கோலை வெளியே வைத்துப் பாருங்கள், காருக்கு என்ன நேரும் என்று தெரியும்.

ஓட்டுவதற்கு அங்கே இடமில்லையா? இலங்கையில் ஒரு சிறு காரைப் பழக்குவதற்கு புல்மோட்டை–திருகோணமலை வீதியைவிட நல்ல வீதி எது என்று எனக்குத் தெரியவில்லை. சுமார் 55 கிலோமீற்றர். யான் ஓயாவைக் கடந்தால் புடவைக்கட்டு, திரியாய்ச் சந்தி, குச்சவெளி, கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டி, நிலாவெளி, உப்புவெளி. ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 70 என்று சட்டமே வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்கிறது. மாடு குறுக்கே வரும், அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும், பள்ளிக்கூடம் விடும். நிறுத்தி, இறக்கி, மூன்றாம் கியரில் எடுத்து, நான்காயிரம் சுழற்சிக்குள் உயர்த்தி, மீண்டும் தானாகக் குறைய விட்டு... கையேடு எழுதிய ஜப்பானியர் இந்த வீதியைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று தோன்றும். போய்வர 110 கிலோமீற்றர். ஒன்பது தடவை போய்வந்தால் இயந்திரம் பழகிவிடும். அதைவிட முக்கியமாக, ஓட்டுபவர் பழகிவிடுவார்.

இதைச் சொன்னதும் கொழும்பு நண்பர் ஒருவர் கேட்டார்: "புல்மோட்டைக்கு எதற்கையா ஸ்போர்ட்ஸ் கார்? மீன் ஏற்றவா?" இந்தக் கேள்வியை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. போர்க்காலத்தில் செய்தியாளனாக அந்த வீதியில் போய்வந்தவன் நான். சாவடிக்குச் சாவடி இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பது கடிகாரத்தின் கையில் இருக்கவில்லை. 1997 செப்டம்பரில் இல்மனைட் ஏற்ற வந்த 'கோர்டியாலிட்டி' என்ற கப்பல் புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்டது. 2009 மார்ச்சில் இருந்து வன்னியின் காயப்பட்டவர்களை செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதும் அந்தக் கரையில்தான். இந்திய மருத்துவக் குழுவின் கள வைத்தியசாலை அங்கே இயங்கியது. முந்நூறு மீற்றர் நீளமான இறக்கக்கண்டிப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில். அந்த வீதியில் யாரும் மறிக்காமல், யாருக்கும் அடையாள அட்டை நீட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, தன் விருப்பத்துக்கு ஒருவன் ஐம்பத்தைந்து கிலோமீற்றர் ஓட்டுவது கொழும்பு நண்பருக்கு ஆடம்பரமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

இன்னொன்றும் அவருக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காரின் வெள்ளை நிறம் எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்திருக்கிறாரா? உலகில் வெள்ளை வர்ணப் பூச்சுக்கு உயிர் கொடுப்பது தைத்தானியம் டைஒக்சைட்டு. அதன் மூலப்பொருள் இல்மனைட்டும் ரூட்டைலும். இரண்டும் புல்மோட்டைக் கரையில் ஏழு கிலோமீற்றர் நீளத்துக்குக் கறுத்துக் கிடக்கின்றன. கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் உருவானது. இத்தனை காலமாகியும் பெரும்பகுதியை மணலாகவே கப்பலேற்றுகிறோம். வர்ணமாக்கும் ஆலை நம்மிடம் இல்லை. கறுப்பு மணலை மலிவாக விற்று, அது வெள்ளைக் காராகத் திரும்பி வரும்போது வரிக்கு வரி கட்டி வாங்குகிறோம். குறிப்பிட்ட ஒரு காரின் பூச்சு எந்தக் கரையின் மணல் என்று யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனால் "புல்மோட்டைக்கு எதற்கு" என்று கேட்பதற்கு முன், புல்மோட்டை உலகத்துக்கு எதைக் கொடுத்தது என்று கேட்பதுதானே முறை?

அந்த மணல் காரின் எதிரியும்கூட என்பதை உரிமையாளருக்குச் சொல்லிவிட வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வீதியோரத் தூசு நேரே காற்று வடிகட்டிக்குத்தான் வரும். சாதாரண மணலான குவாட்ஸின் கடினம் மோஸ் அளவையில் 7, சிர்கோன் 7.5. கிழிந்த வடிகட்டி வழியாக ஒரு சிட்டிகை உள்ளே போனால் போதும், பழக்கிய சிலிண்டர் பாழாகும். ஆகவே கையேட்டில் சொல்லும் தூரத்தில் பாதியிலேயே வடிகட்டியைப் பாருங்கள். மழைநீர் கழுவாத காலத்தில் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள்.

மற்றொரு கூட்டத்தையும் விட்டுவிட மனமில்லை. கார் வந்த மறுநாளே சைலன்சரைக் கழற்றி வீசிவிட்டு, வெடிச்சத்தத்தோடு நிலாவெளி வீதியில் இரவு பத்து மணிக்கு எழுச்சி ஊர்வலம் நடத்துபவர்கள். இந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் நடந்தோ சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போனவர்கள். 970 கிலோ எடைக்கு 140 குதிரை வலு என்பது பழகாத கைக்குப் பெரிய ஆயுதம். இவர்களும் காரைப் பழக்காதவர்களே. போர்வைக்காரர் பயத்தால் பழக்கவில்லை, இவர்கள் அவசரத்தால் பழக்கவில்லை. ஊரில் பெரியவர்கள் இந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் முதல் கூட்டத்தைப் பயமுறுத்துகிறார்கள். "அவனைப் பார், அப்படி ஆகாதே, காரை வை!" ஓட்டத் தெரிந்தவனாக ஆகு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அந்த இளைஞரின் வாப்பாவிடம் இதையெல்லாம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரி. ஆனா நாளைக்கி ஒரு கஷ்டம் வந்தா, இந்த மைலேஜைத்தானே பாப்பானுகள்?" என்றார். நேர்மையான கேள்வி. அதற்கு என் பதில் இதுதான்: வாங்க வருகிறவன் கெட்டிக்காரனாக இருந்தால், ஐந்து வருடம் நின்று 900 கிலோமீற்றர் ஓடிய டர்போ காரை விட, ஒழுங்காகச் சேர்விஸ் செய்து 30,000 ஓடிய காரைத்தான் எடுப்பான். கெட்டிக்காரனல்லாதவனுக்கு விற்பதற்காகவா மகன் ஒன்பது வருடம் பாலைவனத்தில் நின்றான்?

நல்லது, நடைமுறைக்கு வருகிறேன். ஆசன உறையைக் கிழித்துப் போடுங்கள். பெற்றோல் 95 ஒக்டேன்தான். நம் பக்கத்தில் அது எப்போதும் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படாமல், திருகோணமலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தாங்கியை நிரப்பிக்கொண்டு திரும்புங்கள். ஒயில் சூடாகும் வரை, அதாவது ஊர் எல்லை தாண்டும் வரை, இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் வைத்திருங்கள். ஆறாம் கியரில் நாற்பதில் ஊராதீர்கள். இயந்திரம் முனகினால் கியரை இறக்குங்கள். முதல் முந்நூறு கிலோமீற்றருக்குப் புதிய ரயரும் புதிய பிரேக்கும் முழுப் பிடி தராது, முன்னால் போகும் பஸ்ஸோடு இடைவெளி விடுங்கள். நீண்ட ஓட்டம் முடிந்து வீட்டு வாசலில் நின்றதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் டர்போ ஆற விடுங்கள். ஆயிரம் கிலோமீற்றரில், கடைக்காரர் ஐயாயிரம் வரை தேவையில்லை என்று சொன்னாலும், ஒயிலை இறக்குங்கள். வடிந்த ஒயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். நுண்ணிய உலோகத் தூள் மினுங்கும். ஒயில் வடிகட்டியையும் அன்றே மாற்றிவிடுங்கள்.